தொண்ணூற்றைந்து பவுண்டு

பூட்டுக்காரர் கேட்டது தொண்ணூற்றைந்து பவுண்டு.
ரசீதில் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது.
"சாவி தொலைந்துவிட்டதா?"
ஆமாம் என்றேன்.
தொலைந்த சாவி அந்நேரம்
துறைமுகக் கழிப்பறையில் சுருண்டு கிடந்த
ஸ்ட்ரூவனின் சட்டைப்பையில் இருந்தது.

முப்பத்தொரு வயது.
பிறந்தபோது ஒன்பது ராத்தல்.
இப்போது அந்தத் தோளெலும்பில்
மழைக்கோட்டை மாட்டி உலர்த்தலாம்.

முதலில் போனது காற்றழுத்தமானி.
புயல் வருமா என்று அலிக் தினமும்
விரலால் தட்டிப் பார்க்கும் பித்தளை.
பிறகு என் தையல் இயந்திரம்.
பிறகு, அலிக்கைப் புதைத்த மூன்றாம் மாதம்,
அவருடைய கடல் பூட்ஸ்.
யார் வாங்கினார்களோ,
எந்தப் படகில் அந்தக் கால்கள்
இன்னமும் வேலைக்குப் போகின்றனவோ.

நான் மீன் அறுப்பவள்.
ஃபிரேசர்பர்க்கில் இருபத்தாறு வருடமாக
ஹேடக் மீனின் முதுகில் கத்தி வைக்கிறேன்.
சதை எங்கே முடிகிறது, முள் எங்கே தொடங்குகிறது,
குளிரில் மரத்த கைக்கும் தெரியும்.
வீட்டுக்குள் தெரியவில்லை.
அவன் கடன் எது, என் கடன் எது?
படகு கேப்டனுக்கு போன் செய்து
"பையனுக்கு வயிற்றுப்போக்கு" என்றேனே,
அது யார் பொய்?

பெற்ற மனம் பித்து.
பித்தும் ஒரு போதைதான்.
நானும் ஒளித்து வைத்தேன்.
நானும் இன்றோடு சரி என்றேன்.
எனக்கும் பர்ஸைத் திறக்கும்வரை கை நடுங்கும்,
கொடுத்ததும் நின்றுவிடும்.

ஒரு காகிதத்தில் எழுதினேன்:
பணம் கிடையாது.
போட்டுக்கொண்டு வந்தால் படுக்கை கிடையாது.
உனக்காக யாரிடமும் பொய் கிடையாது.
வியாழக்கிழமை சிகிச்சை மையத்துக்கு நான் கார் ஓட்டுவேன்,
எந்த வியாழனானாலும்.
சூப் உண்டு.
அதற்குள் பேனாவில் மை தீர்ந்துவிட்டது.
கடைசி வரி வெறும் பள்ளம்தான்;
வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம்.

ஜனவரி. இரவு இரண்டு இருபது.
பூட்டில் சாவி முட்டும் சத்தம்.
நுழைகிறது, திரும்பவில்லை.
எடுத்து, துடைத்து, மறுபடி.
பிழை சாவியில் என்று நினைத்திருக்கிறான்.
நான் இந்தப் பக்கம், வெறுங்காலோடு.

"அம்மா, குளிருது."

எனக்குத் தெரியாதா.
அந்தக் கதவிடுக்குக் காற்றுக்கு
முப்பது வருடமாக என் கணுக்கால் பழக்கம்.

"வியாழக்கிழமை" என்றேன்.
"இன்னிக்கு என்ன கிழமை?"
"ஞாயிறு."
சிரித்தான்.
அவனுடைய பழைய சிரிப்பு.
அதற்கு மட்டும் காகிதத்தில்
நான் எதுவும் எழுதி வைக்கவில்லை.

அப்புறம் ஒரு வார்த்தை சொன்னான்,
கரைக்கு வந்த எந்த மாலுமியும் என்னிடம் சொல்லாதது.
அப்புறம் சத்தமில்லை.
அப்புறம் தபால் துளையின் தகடு உயர்ந்து
நான்கு விரல்கள் உள்ளே வந்தன,
தபால்காரர் பாதியில் விட்டுப்போன கடிதம் போல.
நகக்கண்ணில் கருப்பு.
சுண்டுவிரலில், எட்டு வயதில்
என் கத்தியைத் தொட்டுப் பார்த்த தழும்பு.

மண்டியிட்டேன்.
தாழ்ப்பாள் என் நெற்றிக்கு நேராக இருந்தது.
திறக்க ஒரு கை போதும்.
இரண்டு கைகளாலும்
அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டேன்.

ஐஸ் லாரிகள் துறைமுகத்துக்கு இறங்கும் நேரம்
அவை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டன.
நான் விட்டேனா, அவன் இழுத்தானா,
சொல்லத் தெரியவில்லை.
படியில் வைத்திருந்த சூப் ஃபிளாஸ்க்
விடிந்தபோது இல்லை.
குடித்தானா விற்றானா என்று
கேட்கப் போவதில்லை.

வேலைக்குக் கிளம்பும்முன்
கைத்துண்டு வைக்கும் இழுப்பறையைத் திறந்தேன்.
நலாக்சோன் ஸ்ப்ரே, இரண்டு.
மருந்துக்கடைப் பெண் காட்டித் தந்திருக்கிறாள்:
மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து,
ஒரு மூக்கில், கட்டைவிரலால் ஒரே அழுத்து.
காலாவதி: மார்ச்.

கடைக்குப் போகும் சீட்டில்
பாலுக்குக் கீழே
அதையும் எழுதினேன்.