எஃப் நாற்பத்தேழு

முப்பது நாள் இலவசம் என்றார்கள்.
இன்று இருபத்தாறாம் நாள்.
திரையின் மேல்மூலையில் மீதி நாளைச் சொல்லும் சிறு கட்டம்
வட்டிக்காரன் மாதிரி எட்டிப் பார்க்கிறது.

மஞ்சக்குப்பத்தில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல் எங்கள் அலுவலகம்.
நான்கு மேசை, மூன்று பொறியாளர், ஒரு யுபிஎஸ்.
நெய்வேலி பக்கத்தில்தான்.
மின்சாரம்தான் எங்கள் தெருவைத்
தாண்டிப் போய்விடுகிறது.

"இன்னும் எக்செல்லா?" என்றான்
சென்னையிலிருந்து டெமோ காட்ட வந்த பையன்.
அவனுடையதில் சூத்திரம்
காகிதத்தில் எழுதுவதுபோலவே விழுகிறது:
வகுத்தல் என்றால் கோடு,
வர்க்கம் என்றால் தலைக்கு மேல் குட்டி இரண்டு.
டன்னோடு கிலோநியூட்டனைக் கூட்டினால்
அதுவே மாற்றிக்கொள்கிறது.
மீட்டரோடு கிலோவைக் கூட்டச் சொன்னேன்.
மாட்டேன் என்று சிவந்தது.
அந்த இடத்தில் எனக்கு அதைப் பிடித்துப்போனது.

விலையைச் சொன்னான்.
ஆண்டுக்கு, ஒரு நாற்காலிக்கு.
புஷ்பநாதன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ஒருமுறை துடைத்தால் வேண்டாம்.
இரண்டு முறை என்றால் யோசிக்கிறார்.
இரண்டு முறை துடைத்தார்.

மெஹருன்னிசாவுக்கு இலவசமானது போதும்.
நாலு வரி நிரல் எழுதி
நூறு தூணை ஒரே மூச்சில் சரிபார்ப்பாள்.
"நீ லீவு போட்டா இத யாரு படிப்பா?"
"நான் லீவே போடமாட்டேன்."
செப்டம்பரில் அவளுக்குப் பிரசவம்.

மற்றபடி எங்களிடம் இருப்பது பழைய தாள்.
பெயர்: காற்று புதுசு கடைசி உண்மையிலேயே கடைசி.
ஆரம்பித்தவர் வில்வநாதன்.
இப்போது மஸ்கட்டில்.

சிப்காட்டில் ஒரு கிடங்கு.
தகரக் கூரை, பத்து மீட்டர் உயரம்.
கிழக்குச் சுவருக்கும் கடலுக்கும் நடுவே
உப்பனாறும் கொஞ்சம் மணலும்.
அதைத்தான் சோதனைக்கு எடுத்தேன்.
காற்று, நொடிக்கு ஐம்பது மீட்டர்.
புதுசு சொன்னது:
சதுர மீட்டருக்கு ஆயிரத்து ஐந்நூறு நியூட்டன்.
பழசு சொன்னது:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றே முக்கால்.

"பாத்தீங்களா மேடம்" என்றான் பையன் போனில்,
திருடன் பிடிபட்ட சந்தோஷத்தில்.

கட்டம் கட்டமாய் இறங்கினேன்.
மூன்று மணிநேரம், ஒரு மின்வெட்டு.
எஃப் நாற்பத்தேழில் பதுங்கியிருந்தது
ஒன்று புள்ளி ஒன்று ஐந்து.
பெயரில்லை, அலகில்லை.
வெள்ளைக் கட்டத்தில் வெள்ளை எழுத்து.

இரவு பதினொன்றுக்கு
வாட்ஸாப்பில் வில்வநாதன் குரல் வந்தது,
பின்னால் ஏசி இரைச்சல்:
"அது கடற்கரைக்குன்னு பெருக்குறது ஞானா.
அறுபது கிலோமீட்டருக்குள்ள, தொழிற்சாலைன்னா.
கோடுலயே இருக்கு.
பிரிண்ட்ல பாத்தா கிளையன்ட் கேள்வி கேக்குறான்,
அதான் வெள்ளை அடிச்சேன்."

புதுசு பொய் சொல்லவில்லை.
கொடுத்ததைக் கணக்கிட்டது.
கடலூரில் கடல் இருக்கிறது என்று
நான்தான் அதனிடம் சொல்லவில்லை.

தானே புயலன்று
எங்கள் பக்கத்து வீட்டுத் தகரம்
பலாமரத்தில் செருகி நின்றது.
அந்தத் தகரத்துக்கு
எந்தத் தாளிலும் யாரும் கணக்குப் போட்டதில்லை.
மரத்தில் அந்த வெட்டு இன்னும் இருக்கிறது.
காய்க்கிறது.

காலையில் சாரிடம் சொன்னேன்:
ஒரே ஒரு நாற்காலிக்கு வாங்கலாம்.
தூணுக்கு மெஹருடைய நிரல்,
ஆனால் வரிக்கு வரி தமிழில் குறிப்பு எழுதட்டும்,
ஆகஸ்டுக்குள்.
பழைய தாளை அழிக்க வேண்டாம்.
அவர் கண்ணாடியைத் துடைக்கவே இல்லை.
அதற்கு என்ன பொருள் என்று
எனக்கு இன்னும் தெரியாது.

எப்படியும் நான்கு நாள் இருக்கிறது.
புதுசைத் திறந்து
காற்றின் சூத்திரத்தில் ஓர் எழுத்தைக் கூடுதலாய் நட்டேன்.
பக்கத்தில் குறிப்புக்கு இடம் விட்டிருந்தார்கள்.
கறுப்பில் எழுதினேன்:

1.15
கடல் பக்கம்.
போட்டது, ஞானாம்பிகை.
கேள்வி இருந்தால் கேட்கவும்.