பதினான்கு தொன்

அடுத்த மாதம் வருகிறதாம்.
இருநூற்றைம்பது டொலருக்குக் கீழே,
வேலை முடிந்து ஒன்றரை மணித்தியாலம் விளையாடுகிற
என்னைப் போன்றவர்களுக்காகவே செய்ததாம்.
யாரோ என்னைக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள்.
இதற்கு முன் அப்படி எடுத்தது
வாக்காளர் இடாப்பும் டெங்குக்காரரும்தான்.

மத்திய வீதியில் இம்தாத்தின் கடை.
கல்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்து
டொலரைப் பெருக்கினார், வற் போட்டார்,
இறக்குமதிக்காரர் லாபம், கொழும்பு லாபம்,
தன்னுடையதைப் போடும்போது மட்டும்
விரல் கொஞ்சம் வெட்கப்பட்டது.
வந்த எண்ணைப் பார்த்துவிட்டு
இருவரும் கண்ணாடிக்கு வெளியே பார்த்தோம்.
கடற்கரைப் பக்கமிருந்து வந்த புள்ளிமான் ஒன்று
மொனிட்டர் வந்த அட்டைப்பெட்டியைத் தின்றுகொண்டிருந்தது.
"எட்டு ஜீபியா, பதினாறா?" என்றார்
மானை விரட்டாமல்.
எட்டுப் போதும் என்று சொல்ல
ஒரு கிழமை யோசித்திருந்தேன்.

இப்போது இருப்பது இரண்டு.
எங்கோ ஒரு இன்டர்நெட் கஃபே மூடியபோது
கிலோக் கணக்கில் விற்றதில் ஒன்று.
உப்புக் காற்றில் திருகாணி நாலும் துரு,
செப்புக் குழாய் பச்சை.
அதன் விசிறிக்குத் தையல் மெஷின் எண்ணெய் விடுகிறேன்,
சனிக்கிழமை ஒரு சொட்டு,
வெக்கை கூடினால் புதனும் ஒன்று.
பக்கத் தகட்டைக் கழற்றி
வீட்டின் ஒரே ஃபேனை அதற்குத் திருப்பினால்
கட்டிலிலிருந்து இவர் கேட்பார்:
"சுகிர்தா, அதுக்கு மட்டுந்தான் வேர்க்குதோ?"

பகலில் சீனக்குடா மா ஆலையில்
லொறி நிறுக்கிறேன்.
வெறும் லொறி, பாரம் ஏற்றிய லொறி,
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மா.
பதினொரு வருடம். ஒரு ஸ்டியரிங்கையும் தொட்டதில்லை.
இரவில் ஓட்டுகிறேன்.
பனி பெய்யும் நாடுகள்,
வாயில் நுழையாத ஊர்ப் பெயர்கள்,
பதினெட்டுச் சில்லு.
எல்லாம் ஆகக் குறைந்த செட்டிங்கில்:
கிட்டப் போன பிறகுதான் மரங்கள் முளைக்கும்,
மழை என்பது கண்ணாடியில் கீறிய கோடு,
நகரத்துக்குள் நுழைந்தால்
செக்கனுக்கு இருபத்திரண்டு படம்.
வளைவில் திருப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்
லொறி சம்மதிக்கும் வரை.

புதியதில் அறுபதாம்.
தண்ணீர் தேங்கிய றோட்டில்
முன் லைட் விழுந்து உடையுமாம்.
"அதுக்கு உள்துறைமுகத்தைப் போய்ப் பார்,
கரை முழுக்க லைட் உடைஞ்சு கிடக்கு, சும்மா."
போய்ப் பார்த்திருக்கிறேன்.
வடிவுதான்.
அங்கே கியர் இல்லை.

எந்தப் பெரிய கப்பலும் வந்து நிற்கலாம்,
அவ்வளவு ஆழம் என்று
பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம்.
என்னுடைய பெட்டி அதில் இறங்காது.
கொழும்பில் இறங்கி, கொள்கலனுக்குள் வெந்து,
சுங்கத்தில் யாரோ தேநீர் குடித்து முடிக்கும்வரை இருந்து,
குருநாகல், தம்புள்ளை,
ஹபரணையில் யானை கடக்கும்வரை லைட்டை அணைத்து நின்று,
கந்தளாயில் குளத்துக் காற்று வாங்கி
வரும்.
அந்த லொறி என் தராசுக்கு வராது.
வந்தாலும் என்ன,
இருபது கிலோவுக்குக் கீழே
எங்கள் தராசுக்குக் கண் தெரியாது.

சீட்டு எனக்கு ஏழாவது மாதம்.
அதற்குள் டொலர் ஏறலாம்,
இவருடைய கடைவாய்ப் பல்லுக்கு வேர் வைத்தியம் வரலாம்.
இம்தாத் முற்பணம் கேட்கவில்லை.
கொப்பியில் பெயரை மட்டும் எழுதினார்,
இரண்டாவதாக.
முதலாவது, பல் டொக்டராம்.

இன்றிரவு வேலைப் பட்டியலில் வந்தது:
மின்னணுப் பொருட்கள், பதினான்கு தொன்,
அவசரம், உடையக்கூடியது.
எடுத்துக்கொண்டேன்.
விசிறி கிறுகிறுக்கிறது,
மரங்கள் பிந்தி முளைக்கின்றன,
வைப்பருக்கு அகப்படாத கோட்டு மழை.
வளைவுக்கு முன்பே திருப்பிவிட்டு
மெதுவாக, இன்னும் மெதுவாக.
பின்னால் ஹோர்ன் அடிக்கிறார்கள்.
அடிக்கட்டும்.
உள்ளே என்னுடையதும் இருக்கலாம்.