எண்பத்தொன்று சதவீதம்

ஞாயிறு காலை ஆறரைக்குக்
கோரிமேட்டில் கிளம்புகிறோம்.
எமில்தாஸுக்கு அவனுடைய ஹெரால்டு,
அறுபத்தேழாம் வருஷத்து வண்டி, அவனைவிட மூன்று வயது மூத்தது.
எனக்கு என் மின்சார வண்டி,
பதினோரு தவணை கட்டியாயிற்று, நாற்பத்தொன்பது மீதி.

ஒரே வீட்டிலிருந்து ஒரே மலைக்கு
எதற்கு இரண்டு வண்டி என்று
அடிவாரம் செக்போஸ்ட்டில் கேட்டார்கள்.
சண்டையா என்றும் கேட்டார்கள்.
இல்லை. அவன் வண்டியில் எனக்குத் தலை வலிக்கும்.
என் வண்டியில் அவனுக்குத் தூக்கம் வரும்.

அவனுடையது கிளம்ப
சோக்கை இழுக்கணும், கொஞ்சம் கெஞ்சணும்,
ஒரு கெட்ட வார்த்தையும் வேணும், அதுவும் சரியான நேரத்தில்.
என்னுடையது கிளம்பிவிட்டதா என்று
திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.
ஷோரூம் பையன் வைத்த எலுமிச்சை
சக்கரத்தடியில் நசுங்கிய அன்று
"வண்டியைவிடப் பழம் சத்தம் போடுது" என்றான்.

எட்டாவது வளைவில் அவன் முள் ஏறும்.
பதினொன்றில் நிறுத்துவான்.
மொத்த முகமும் முன்னால் கவிழ்ந்து திறக்கிற பானெட்,
ஈரத்துணி, ஐந்து லிட்டர் கேன்.
குரங்குகள் கூடும். பெங்களூர்க்காரர்கள் இறங்கிப் படமெடுப்பார்கள்.
எனக்காக யாரும் நின்றதில்லை.
ஏரிக்கரை பார்க்கிங்கில்
நானே வேறொருவர் வண்டியைத் திறக்கப் பார்த்திருக்கிறேன்.

மின்வாரியத்தில் கணக்கெழுதுகிறவள் நான்.
ஏறும்போது பதினெட்டு போனால்
இறங்கும்போது ஏழு திரும்பி வருகிறது.
இறக்கத்தில் அவனுக்குக் கிடைப்பது
பிரேக் கருகும் வாசனை.
வாராவாரம் சொல்கிறேன்.
வாராவாரம் "காபி ஆறுது" என்கிறான்.

போன ஞாயிறு மூடுபனி.
பதினான்காம் வளைவு தாண்டி
சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, ரோட்டில்,
காட்டெருமை.

ஹெரால்டு வருவதை மூன்று வளைவுக்கு முன்பே கேட்டு
அவை விலகிவிடும்.
இருபது வருஷத்தில் அவன் ஒரு வாலைக்கூடப் பார்த்ததில்லை.
நான் வந்தது இதற்குக் கேட்கவில்லை.
திரும்பியது.
திரையில் ஏதோ சிவப்பாகத் துடித்தது.
முழங்காலுக்குக் கீழே வெள்ளை,
மேலே முழுக்க இருட்டு.
மூக்கின் ஆவி என் கண்ணாடியில்
விரிந்தது, சுருங்கியது, மறுபடி விரிந்தது.
அத்தனை பெரிய உடம்புக்குள்
காற்று போய்வருகிற சத்தம்.
கண்ணாடியை ஒரு விரல் இறக்கிக் கேட்டேன்.

அப்புறம் கீழே, பதினொன்றில்,
மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறங்குகிற அந்த இருமல்.
குளிரில் கொதிக்கவில்லை, நிற்காமல் வருகிறான்.
முதலில் காது திரும்பியது. பிறகு தலை.
பிறகு ரோடு.

கடையில் டம்ளரோடு வந்தான்.
"என்ன, இன்னிக்கு ரெண்டே நிமிஷம்தான் முந்தியா?"
சார்ஜ் இல்லை, மெதுவாக வந்தேன் என்றேன்.
அவனுக்கு வந்த சந்தோஷத்தை
அந்த ஐந்து லிட்டர் கேன் கொள்ளாது.
பன்னுக்குக்கூட அவனே காசு கொடுத்தான்.
"காட்டு பாப்போம், எவ்வளவு இருக்கு" என்று
என் வண்டிப் பக்கம் நடந்தான்.

நான் முந்திப் போய்
துண்டை எடுத்துத் திரைமேல் போட்டேன்.