நிலவறையில் ஜூன்

சோளப்பாகு ஏற்றிவந்த தொட்டி அது.
ஏழு முறை கழுவினேன்.
ஆனாலும் முதல் வாரம் முழுக்க
பாகு காய்ச்சிய வீடு போல
மணந்துகிடந்தது நிலவறை.

வாசலுக்குள் நுழையவில்லை.
கதவை நிலையோடு பெயர்த்து இறக்கினோம்
நானும்,
டயர் ஆலையில் எனக்கு வேலை போன அதே மத்தியானம்
வேலை போன க்ளெம் ஹவெல்காவும்.
"இதில் மாடு வளர்க்கலாம்" என்றான் மூச்சிரைக்க.

மீன் வருவதற்கு முன்
ஆறு வாரம் வெறும் தண்ணீரை வளர்த்தேன்.
கூழாங்கல்லில் ஒட்டிக்கொண்டு
விஷத்தை உரமாக்குகிற ஏதோ ஒன்று
கண்ணுக்குத் தெரியாமல் பெருக வேண்டுமாம்.
தினமும் ஒரு குழாய், எட்டுச் சொட்டு மருந்து.
பச்சை என்றால் அம்மோனியா.
மஞ்சள் என்றால் நிம்மதி.
மார்லிஸ் குழாயை விளக்கருகே பிடித்து
"இது பச்சையா மஞ்சளா" என்று கேட்பாள்.
கல்யாணமான இருபது வருஷத்தில்
ஒரு நிறத்துக்காக நாங்கள் சண்டை போட்டது
அப்போதுதான்.

பிறகு ஐம்பது குஞ்சுகள்.
புளூகில் என்று பெயர்.
நீலம் செவுளில் இல்லை,
தாடையோரம், அதுவும் திரும்பும்போது மட்டும்.
செவுள்மூடி நுனியில் ஒரு கறுப்பு,
கண்படாமலிருக்க
யாரோ மை தொட்டு வைத்த மாதிரி.

ஒன்று துள்ளி வெளியே விழுந்து
வெந்நீர்க் கொதிகலனுக்குப் பின்னால் கருவாடாகியிருந்தது.
மூன்றை மற்றவை தின்றிருக்க வேண்டும்.
மீதி நாற்பத்தாறு.
ஒவ்வொரு முறையும் வேறு எண் வருகிறது என்பதால்
நாற்பத்தாறு என்றே வைத்துக்கொண்டோம்.

லெட்டூஸுக்காகத்தான் விளக்கு போட்டேன்.
காலை நான்கிலிருந்து இரவு எட்டு வரை,
திருகு வைத்த பழைய டைமர்.
வெளியே பிப்ரவரி. அயோவா.
எச்சில் துப்பினால் தரையில் சத்தம் கேட்கும் குளிர்.
கீழே பதினாறு மணி நேரப் பகல்,
இருபத்தைந்து டிகிரி வெந்நீர்.
மீன்களிடம் யாரும் காலண்டர் காட்டவில்லை.

பெரியவன் மூலையில் சரளையைக் கிளறி
வாலால் வட்டமாகப் பெருக்கினான்.
தட்டு அகலத்துக்கு ஒரு பள்ளம்.
மறுநாள் அதில் ஏதோ பொடி தூவியது போல முட்டைகள்.
வெள்ளிக்கிழமைப் பொரியலுக்கு
வலையோடு குனிந்தேன்.
என் விரல் முட்டியைக் கடித்தான்.
பல் இல்லை, வலியும் இல்லை.
இருந்தாலும் கையை எடுத்துக்கொண்டேன்.
வேறு பதினொன்றைப் பிடித்தேன்.
சோளமாவில் புரட்டியபோதும் முட்டி குறுகுறுத்தது.

அன்று ராத்திரியே பனிமழை.
பதினொன்று இருபதுக்கு மின்சாரம் போனது.
குமிழி நின்றதும்
வீட்டில் அப்படி ஒரு அமைதி இருப்பது
அன்றைக்குத்தான் தெரிந்தது.
டார்ச் வெளிச்சத்தில்
எல்லா வாய்களும் மேலே.
அவன் மட்டும் கீழே பள்ளத்தின் மேல்
செட்டையால் விசிறிக்கொண்டு.

வாளியால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன்.
மொண்டேன், ஊற்றினேன்.
தண்ணீர் உடையும்போதுதான்
காற்று அதற்குள் போகிறது.
ஒரு மணிக்கு மார்லிஸ் போன் செய்தாள்,
முதியோர் விடுதியில் இரவுப் பணி அவளுக்கு.
"இங்கே ஜெனரேட்டர் முக்குகிறது.
சிலிண்டர் உருட்டி உருட்டி முதுகு போச்சு.
உன் ஆட்கள் மூச்சு விடுகிறார்களா?"
"விடுகிறார்கள்."
"என்னுடையவர்களும்" என்று வைத்துவிட்டாள்.

மூன்று மணிக்கு வந்தது மின்சாரம்.
பம்ப் இருமி, துப்பி, ஓடத் தொடங்கியது.
நான் படிக்கட்டிலேயே தூங்கிப்போனேன்,
கையில் வாளியோடு.

நின்ற நேரம் டைமருக்குத் தெரியாது.
நான்கு மணிக்கு உதிக்க வேண்டிய சூரியன்
ஏழு நாற்பதுக்கு உதித்தது.
பூட்ஸில் பனியோடு மார்லிஸ்
கடைசிப் படி இறங்கிய அதே நொடியில்.

இருவரும் குனிந்து பார்த்தோம்.
பள்ளத்துக்கு மேலே
கண் மட்டுமே இருக்கிற ஏதோ
நூற்றுக்கணக்கில் நடுங்கிக்கொண்டிருந்தது.
"எண்ணு" என்றாள் அவள்.

டைமரைத் திருப்பி வைக்கவில்லை.
தினமும் அவள் வந்து
பூட்ஸைக் கழற்றும் நேரத்துக்கு
விடிகிறது கீழே.