ஐம்பத்தொன்பதும் ஒன்றும்

கட்சி என்றால் நாங்கள் ஏழு பேர்.
மெய்ன் மாநிலத்தின் வடக்கு விளிம்பில்
சலவைக் கடைக்குக் கீழே ஒரு நிலவறை.
மேலே இயந்திரம் சுழலும்போது
தீர்மானத்தை இரண்டு முறை வாசிக்க வேண்டும்.
ஏழாவது ஆள் பெர்லி,
கதகதப்புக்காகத்தான் வருகிறான், எல்லோருக்கும் தெரியும்.
அவனையும் எண்ணினால்தான் கோரம்.

ஒடெட் நிற்கிறாள்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்,
எந்த வீட்டுப் பிள்ளைக்குக் கையுறை இல்லை என்று
அறிந்தவள்.
தேர்தல் செலவுக்கு அரசே பணம் தரும்.
மர ஆலைக்காரர் விருந்தில் போய்ச் சிரிக்க வேண்டாம்.
ஆனால் அதற்கு முன்
தொகுதியில் அறுபது வாக்காளர்,
ஆளுக்கு ஐந்து டாலர்,
சொந்தப் பணம், சொந்தக் கையெழுத்து.

மார்ச் மாதம் வசந்தம் என்பது இங்கே
நாட்காட்டி அச்சடிப்பவனின் குறும்பு.
உறைந்த படிகள். கட்டாத நாய்கள்.
தட்டினால் கதவு திறக்காது, திரை விலகும்.
"ஓட்டுத்தானே, போட்டால் போச்சு."
ஓட்டு இல்லை, ஐந்து டாலர் என்றதும்
முகத்துக்குள் இன்னொரு கதவு சாத்திக்கொள்ளும்.

ஒருத்தி காசோலை எழுதி
மை உலர ஊதிக்கொண்டிருந்தாள்.
உள்ளே கணவன் இருமினான்.
கிழித்துவிட்டாள்.
ஒருவர் உருளைக்கிழங்கு மூட்டை கொடுத்தார்.
பொருளாளர் நான், விதிப்புத்தகத்தைப் புரட்டி
திருப்பிக் கொடுத்தேன்.
பெர்லி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கெடுவுக்கு முந்தைய மாலை
ஐம்பத்தொன்பது.

ஆற்றோரம் சக்கரம் கழன்ற டிரெய்லரில் அல்சீட்.
முழுக்கக் கேட்டார்.
"என் தபால் பெட்டியை இடித்தவள்தானே உங்கள் ஒடெட்?"
ஆமாம் என்றேன், வேறென்ன சொல்ல.
"மறுநாளே வந்து நட்டுக் கொடுத்தாள்.
கொஞ்சம் சாய்வு. பரவாயில்லை."
கையெழுத்துப் போட்டார்.
பிறகுதான் பையைத் தடவினார்,
இந்தப் பை, அந்தப் பை, மேலங்கியின் உள்பை.
ஓய்வூதியம் வெள்ளிக்கிழமை.
கெடு வியாழன்.

என் சட்டைப் பையில் ஐந்து டாலர் இருந்தது.
எந்தப் பையிலிருந்து வந்தேன் என்று
எந்த நோட்டும் வாய் திறக்காது.
பெர்லி என்னைப் பார்த்தான்.
நான் பனியைப் பார்த்தேன்.
"உங்கள் பணமாக இருக்கணும்" என்றேன்,
திருடிப் பிடிபட்டவன் குரலில்.
நேர்மைக்கு இவ்வளவு வெட்கம் உண்டென்று
யாரும் சொல்லவில்லை.

வியாழன், மணி நான்கு பத்து.
ஐந்துக்கு நகர அலுவலகம் பூட்டிவிடும்.
படியிறங்கி வந்தார் அல்சீட்,
முழங்கால் வரை சேறு,
கையில் ஒரு புகையிலை டப்பா.
காலி பாட்டிலுக்குக் கடையில் ஐந்து சென்ட்.
"பாதி நான் குடித்தது.
மீதி சாலையோரப் பள்ளத்தில்.
பனி இளகினால் ஊர் குடித்ததெல்லாம் மேலே வரும்."

மேசையில் கொட்டி எண்ணினேன்.
திரும்ப எண்ணினேன்.
நான்கு டாலர் தொண்ணூற்றைந்து.

ஏழு பேரும் அவரவர் பைக்குள் கைவிட்டு
அப்படியே நிறுத்திக்கொண்டோம்.
மேலே ஏதோ ஓர் இயந்திரம் பிழிந்து முடித்தது.
அல்சீட் ஒன்றும் சொல்லாமல் படியேறினார்.
சலவைக் கடைக் குப்பைத் தொட்டி உருளும் சத்தம்.
தெருவைக் கடக்கும் காலடி.
மணி நான்கு முப்பத்தாறு.
ஒடெட் நகத்தைக் கடித்தாள்.
பெர்லி முதல் தடவையாக
ஜன்னல் பக்கம் போய் குளிரில் நின்றான்.

திரும்பி வந்தவர்
ஒற்றை நாணயத்தை மேசையில் வைத்தார்.
ஈரம். பீர் வாசனை.

ரசீது எழுதினேன்: பெயர், முகவரி, தொகை.
தலைநகரில் யாரோ ஒரு குமாஸ்தாவுக்கு
அது ஒரு வரி.
நவம்பரில் வென்றோமா என்று கேட்காதீர்கள்,
அது வேறு பேரேடு.

நாணயங்களை உறையில் போட்டு
நாங்கள் கிளம்பும்போது
அல்சீட் மட்டும் நகரவில்லை.
"டப்பாவைக் கொடு" என்றார்.
"அது நன்கொடையில் சேராது."