பாஸ் ஓவர்

ஐட்டம் நாற்பத்தேழு.
பதினொன்றரைக்கு பாஸ் ஓவர் என்றார்கள்.
தேசம்மாள் வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டாள்.
விடியலில் காசிமேட்டில் ஏலம் எடுத்த சங்கராவை
நாத்தனாரிடம் விட்டு வந்திருக்கிறாள்.
ஐஸ் மூன்று மணிவரை தாங்கும்.

நான் வக்கீல் குமாஸ்தா.
கட்டைப் பிரித்து வரைபடம் இருக்கிறதா பார்த்தேன்.
வட்டம் என்றுதான் பெயர்.
தாளில் அது
கால் முறிந்த நண்டு.
முறிந்த காலின் நுனியில் இவள் தெரு:
வடசாரி ஒரு வட்டம், தென்சாரி இன்னொன்று.
குப்பை வண்டி வடக்கே மட்டும் நிற்கும்.
தெற்கே இருப்பவர்கள்
இருட்டியபின் கோட்டைத் தாண்டிக்
கொட்டிவிட்டு வருவார்கள்.

அங்கே பதினெட்டாயிரம் பேருக்கு ஒரு கவுன்சிலர்,
இங்கே ஐம்பத்தெட்டாயிரம் பேருக்கும் ஒருவரே.
வழக்கு இவ்வளவுதான்.
மிச்சம் இருநூற்றுப் பத்துப் பக்கம் இணைப்பு.

'என் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போடணும்,
அம்பது கிராம் கொறஞ்சா ஃபைன்.
இந்தத் தராசுக்கு எவன் சார் முத்திரை போடறான்?'
முதல் நாள் சீனியரிடம் கேட்டாள்.
சீனியர் அதை இங்கிலீஷில் எழுதினார்.
ஒன்பதாம் பாராவில்
மூன்றரை வரியாக இருக்கிறது,
மீன்வாடை இல்லாமல்.

இரண்டே காலுக்குக் கூப்பிட்டார்கள்.
கெஜட்டில் வந்தாயிற்று,
இனி கோட்டைத் தொட
இந்த மன்றத்துக்கும் அதிகாரமில்லை
என்றது அரசுத் தரப்பு.
சீனியர் ஒரு பழைய தீர்ப்பை நீட்டினார்.
அவர்கள் அதைவிடப் பழையது ஒன்றை.
ரேஷன் கடை வாசலில்
ஆளுக்குப் பதில் வைத்த கற்களைப் போல
மேஜையில் கிடந்தன தீர்ப்புகள்.

'எந்த வருஷத்துக் கணக்கெடுப்பு?'
'இரண்டாயிரத்துப் பதினொன்று, மை லார்ட்.'
தேசம்மாள் என் காதருகே குனிந்தாள்:
'அப்போ எம் பொண்ணு வயித்துல.
இந்த மார்ச்சுல டென்த் எழுதறா.'

உத்தரவு நாலு நிமிஷம்.
மனுதாரர் புது மனு கொடுக்கலாம்.
ஆணையம் பன்னிரண்டு வாரத்தில்
சட்டப்படி பரிசீலிக்கலாம்.
வழக்கின் தகுதி பற்றி
நாங்கள் எதுவும் சொல்லவில்லை.

'ஜெயிச்சுட்டமா?'
இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் எனக்கு.
'தோக்கலம்மா' என்றேன்.
விலை மட்டும் கேட்டுவிட்டு
வாங்காமல் நிற்பவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

'பன்னண்டு வாரமா?
மீன் குஞ்சு பொரிக்கிற தடைக்காலமே
அறுவத்தோரு நாளுதான்.'

பிறகு அந்த நண்டுப் படத்தில் ஒரு ஜெராக்ஸ் கேட்டாள்.
நாலாய் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு
பிராட்வே பஸ்ஸுக்கு ஓடினாள்.

மணி மூன்று பத்து.