கனம்

தொலைபேசியிலேயே கேட்டுவிட வேண்டும்.
திடலில் வைத்துக் கேட்டால்
பக்கத்தில் யாராவது கோப்பியோடு நிற்பார்கள்.

உடுப்பும் சப்பாத்துமாகத் தராசில் ஏறி
ஓர் எண் சொல்லுங்கள் என்பேன்,
எனக்கல்ல, இறக்கைக்கு.
அநேகமாக எட்டுக் கிலோ பொய் வரும்.
பேசாமல் பத்துக் கூட்டி எழுதிக்கொள்வேன்.

வீப்கெ ஓல்ட்மன்ஸ் சொன்னார்: நூற்று முப்பத்தொன்று.
வீட்டுத் தராசு நூற்றிருபதில் கைவிரித்துவிடுகிறது,
அதனால் உரக்கடைக்குப் போய்
மூட்டை நிறுக்கும் தட்டில் ஏறி நின்றேன்.
கருவிப் பை தனி, பதினாறு.

யூஸ்ட் தீவுத் தேவாலயத்தில் ஆர்கன் சுருதி பிசகிவிட்டதாம்,
நாளைக்கு அங்கே கல்யாணமாம்,
படகோ கடல் பெருகினால்தான் புறப்படுமாம்.
அவர் சொன்ன எண்ணோடு நான் எதையும் கூட்டவில்லை.

இரவு, சமையலறை மேசையில் கணக்கு.
எடை எவ்வளவு என்பது பாதிக் கேள்வி,
எங்கே உட்காருகிறது என்பது மீதி.
அவர் முன்னால், என் பக்கத்தில்.
உதவிக்கு வரும் ஹௌகெ பின்னால்;
எழுபத்தெட்டு என்றான், எண்பத்தெட்டு என்று எழுதினேன்.
கூட்டுத்தொகை கோட்டைத் தாண்டி நின்றது.
பென்சிலைக் கடித்தேன்.
பிறகு பெட்ரோலில் அறுபது லிட்டரை வெட்டினேன்.
இளைக்க வேண்டியது தாங்கி,
அந்த அம்மா இல்லை.

காலையில் லேயர் திடலில்
ஹௌகெ வேனிலிருந்து குனிந்து இறங்கியபோதே
வயிறு கலங்கியது எனக்கு.
ஃபோல்கெர்ட்டின் தராசு தொண்ணூற்றேழு காட்டியது.
பையனின் காதுகள் சிவந்தன.
ஓல்ட்மன்ஸ் பையைத் திறந்து
ஈயக்கட்டிகளை ஒவ்வொன்றாய் வெளியே வைத்தார்.
விசைகளை அழுத்திப் பிடிக்க இவை.
இன்றைக்கு உன் விரல் போதும்.
ஏழு கிலோ.
மீதி இரண்டுக்கு என் தடித்த கோட்டையும்
மதியச் சாப்பாட்டையும் இறக்கினேன்.

எங்கள் பைப்பருக்கு ஒரே கதவு, வலது இறக்கைமேல்.
பின்பாரத்தில் மூக்கு வானம் பார்க்காதிருக்க
ஃபோல்கெர்ட் வாலுக்கு அடியில் கட்டையை முட்டுக்கொடுத்தார்.
ஹௌகெ முதலில். அடுத்து நான், இடப்பக்கம் நகர்ந்து.
இதுதான் சங்கடம்:
கைகொடுக்க வேண்டிய நானே உள்ளே மாட்டிக்கொள்கிறேன்.
அவர் பாதம் எனக்குத் தெரியாது,
ஃபோல்கெர்ட்டின் குரல் மட்டும் கேட்கும்.
கறுப்புப் பட்டையில். ஆம்.
கதவைப் பிடிக்காதீர்கள், அது வெறும் தகரம்.
கைப்பிடி மேலே.
அவசரமில்லை.

முக்காலி கிறீச்சிட்டது.
விமானம் வலப்பக்கம் சாய்ந்து, யோசித்து, நின்றது.
வாசலில் வானம் மறைந்தது.
இடுப்பு முதலில் என்றேன், கால்கள் பிறகு வரும்.
வந்தன,
முழங்காலுக்குக் கீழே தன் கையையே கொடுத்துத் தூக்கி.

பட்டியின் நீட்டுத்துண்டை முந்தியே கொளுவி வைத்திருந்தேன்.
அவர் அதைத் தடவிப் பார்த்தார்.
எங்கள் மொழியில் கனம் என்றால் மதிப்பும்தான்.
ஜெர்மனில் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

சுக்கானை முழுக்க இழுத்துப் பார்த்தேன்.
அவர் வயிற்றை எக்கினார்.
வேண்டாம், மூச்சு விடுங்கள்,
நீங்கள் மூச்சு விடும்போதும் இது அசைய வேண்டும்.
இருக்கையை இன்னும் ஒரு பல் பின்னே தள்ளினோம்.
அசைந்தது.

ஃபோல்கெர்ட் கட்டையை உருவினார்.
முக்காலியை உள்ளே நீட்டினார். மூன்று கிலோ,
அதுவும் கணக்கில் உண்டு,
இறங்குமிடத்தில் ஃபோல்கெர்ட் இல்லையே.

இயந்திரம் முனகியது. அவர் தலை சாய்த்துக் கேட்டார்.
ஒரு மயிரிழை தாழ்வு என்றார் ஒலிவாங்கியில்.
ஓடுபாதை வழக்கத்தைவிட நூறு மீற்றர் கூடக் கேட்டது.
கொடுத்தேன்.
கீழே சேற்றுக்கடல், ஓடைகள், ஒரு சிவப்பு மிதவை.
ஹௌகெ பின்னாலிருந்து மெல்ல,
மன்னிக்கவும் என்றான்.
யாரிடமென்று தெரியவில்லை.

யூஸ்டில் கார் கிடையாது.
குதிரைவண்டிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்து
வாயைத் திறந்தார்.

நூற்று முப்பத்தொன்று, என்றார் ஓல்ட்மன்ஸ்,
முக்காலியை வண்டியருகே வைத்தபடி.
பை ஒன்பது.